ஊசி போட்டபின் கார் கிளம்பக் கூடாது: டிசம்பரில் ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், கணவர், ஐந்து வயது மகன், 71 வயதான என் அத்தை ஆகிய நால்வரும் திருச்சி வழியாகக் கும்பகோணம் பக்கத்து ஊருக்கு 16 நாள் போகிறோம். அத்தைக்குக் காலையும் இரவும் இன்சுலின். இரண்டு பக்கத்து உறவையும் சேர்த்தால் 11 வீடு. சென்ற முறை மூன்றாம் நாளே மகனுக்கு வாந்தியும் பேதியும். ஒரு நாள் காரில் போகும்போது அத்தைக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிட்டது. திரும்பும்போது பெட்டி எடை கூடிப் பணம் கட்டினோம். இங்கே இறங்கியதும் சோதனையில் மசாலாப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு தொல்லைகளில் மூன்று, பயணத்தின் முதல் சில நாளிலோ கடைசி நாளிலோதான் வந்திருக்கின்றன. ஊருக்குப் போகும் பெரும்பாலான குடும்பங்களுக்கும் அப்படித்தான். ஆகவே போன முதல் இரண்டு நாளையும் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளையும் காலியாக வையுங்கள். மிச்சமுள்ள 12 நாளில் உறவுகளைப் பார்க்கலாம். நான்காவது தொல்லை அத்தையின் மயக்கம். அதுதான் ஆபத்தானது, அதிலிருந்தே தொடங்குவோம்.

காரில் சர்க்கரை இறங்குவதற்கு ஊர்ப்பக்கம் பெரும்பாலும் ஒரே காரணம்தான். "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று வீட்டிலேயே ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும், போன இடத்தில் பேச்சு நீளும், இலை விழ ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இன்சுலின் அதற்காகக் காத்திருக்காது. ஆகவே ஊசி போட்டபின் கார் கிளம்பக் கூடாது என்பதை இந்தப் பயணத்தின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஊசி. சில வகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும், சிலவற்றை இலையில் உட்காரும்போதே போடலாம். அத்தையுடையது எந்த வகை என்று பலதுறை மருந்தகத்தில் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். அதோடு, ஊசியும் மருந்தும் கையில் கொண்டுசெல்ல ஆங்கிலத்தில் ஒரு மருத்துவர் கடிதமும் வேண்டும்.

எவ்வளவு மருந்து எடுத்துப்போவது? அத்தைக்குக் காலை 20, இரவு 14 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 34, பதினாறு நாளுக்கு 544. ஒவ்வொரு முறையும் ஊசிமுனை சரிபார்க்க 2 யூனிட் வெளியே விடுவதால் இன்னும் 64. ஆக 608. இன்சுலின் நிரப்பி வரும் ஊசிப் பேனா ஒன்றில் 300 யூனிட்தான், எனவே கணக்குப்படியே மூன்று பேனா தேவை. ஐந்தாக எடுத்து, உங்கள் கைப்பையிலும் கணவரின் கைப்பையிலும் பிரித்து வையுங்கள். சரக்கில் போகும் பெட்டியில் இன்சுலினை வைக்கவே கூடாது. அங்கே குளிர் அதிகமாகி உறைந்துவிட்டால், பார்வைக்கு அப்படியே இருந்தாலும் வேலை செய்யாது. ஐஸ் பொதியோடு நேராக ஒட்டிக் கிடந்தாலும் இதே கதிதான், நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். திறக்காத பேனா ஊரில் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம். திறந்ததை அறையிலேயே வைக்கலாம், பெரும்பாலான வகைகள் 28 நாள் தாங்கும். மின்சாரம் போனால் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தரும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். தமிழ்நாட்டுக் கடைகளில் குப்பியில் விற்பது பெரும்பாலும் 40 யூனிட், அதற்கென்று சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல் தனியாக இருக்கிறது. நூறு யூனிட் குழலின் மூடி ஆரஞ்சு நிறம். பேனா பழுதாகி, அதிலிருந்து மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்துவிட்டால், உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால், அதாவது ஊர்க் குப்பி மருந்தை ஆரஞ்சுக் குழலில் 20 வரை இழுத்தால், 8 யூனிட்தான் போகும். ஊரில் வாங்க நேர்ந்தால் பேனாவாகவே கேளுங்கள். குப்பிதான் கிடைக்கும் என்றால் லேபிளில் உள்ள எண்ணையும் குழலில் உள்ள எண்ணையும் இருவர் சேர்ந்து சரிபார்த்த பிறகே போட வேண்டும்.

ரத்தச் சர்க்கரையை அளக்கும் கணக்கும் மாறும். இங்கே சர்க்கரைக் கருவி 4 என்றோ 10 என்றோ காட்டுவதை ஊர் மருத்துவர் 72, 180 என்பார். நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர் சொல்லும் எண் வந்துவிடும். கருவிக்கான பட்டைகள் அங்கே கிடைக்காமல் போகலாம், ஒரு டப்பா கூடுதலாக இருக்கட்டும். சர்க்கரை 4க்குக் கீழே போனாலோ, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். லட்டும் அல்வாவும் வேண்டாம், நெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் எண்ணான 108ஐ அழையுங்கள்.

நேர மாற்றம் இரண்டரை மணிதான். போகும்போது பகல் நீள்வதால் ஊசிகளுக்கு நடுவே இடைவெளி கூடும், சர்க்கரை சற்று ஏறலாம். கவனிக்க வேண்டியது திரும்பும் நாளைத்தான். இடைவெளி குறையும், சாப்பாட்டு நேரமும் தடுமாறும், சர்க்கரை இறங்கக்கூடும். அந்த ஒரு நாளுக்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது மகனின் வயிறு. முதல் இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு மட்டும். ஆவி பறக்கும் இட்லியைப் போலப் பாதுகாப்பான உணவு கிடையாது. கெடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னி, காலையில் அரைத்துப் பதினொரு மணிவரை வெளியே இருந்தது. நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட சாறு, ரோஸ்மில்க் மூன்றையும் தவிருங்கள். கொதித்து ஆறிய தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பையில் இருக்கட்டும். டைஃபாய்டு தடுப்பூசியைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பலர் தவறுவது உப்புச் சர்க்கரைக் கரைசலில்தான். இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு பொட்டலங்களில் பலவற்றை ஒரு குவளைத் தண்ணீரில் கரைக்கிறோம். ஊரில் வாங்கும் பெரிய பொட்டலம், சுமார் 21 கிராம், ஒரு முழு லிட்டருக்கானது. பழக்கத்தில் அதை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு பல மடங்காகிப் பிள்ளைக்கு இன்னும் கெடுதல். லிட்டர் போத்தலில் கலக்கி, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஒரு தேக்கரண்டி, சில நிமிடம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 100 முதல் 200 மில்லிலிட்டர். சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், தூக்கக் கலக்கம் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்த 11 வீடு. பன்னிரண்டு நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஆறு பயணம். ஒவ்வொன்றிலும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு வீடு: ஒன்றில் சாப்பாடு, மற்றதில் காபி மட்டும். முந்தின நாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "சித்தி, நாளைக்கு நாலு மணிக்கு வர்றோம், காபி மட்டும் போதும், அத்தைக்கு ஊசி இருக்கு." ஊசி என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் போய் இலையில் கை வைக்காமல் எழுந்தால்தான் மனத்தாங்கல். சென்ற விடுமுறைக்குப் பிறகு யார் வீட்டிலாவது துக்கம் நடந்திருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும், அன்று வேறு வீடு வைக்காதீர்கள். அடுத்து வயதில் மூத்தவர். உங்கள் பிறந்த வீட்டுப் பக்கத்துக்கான நாட்களைப் பட்டியலின் கடைசியில் தள்ளாதீர்கள். மழையோ காய்ச்சலோ வந்தால் அடிபடுவது கடைசியில் இருப்பதுதான், அந்த வருத்தம் இங்கே வந்த பிறகும் நீடிக்கும்.

டிசம்பரில் டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை இருக்கும். அதனால் பயணம் இல்லாத நாட்களில் ஒன்றையாவது, அன்றன்றே மாற்றிக்கொள்ளும்படி, வேறு வேலை வைக்காமல் காலியாக விடுங்கள். வாடகைக் காரில் பிள்ளைக்கான இருக்கை இராது, இங்கிருந்தே ஒரு பூஸ்டர் இருக்கையை எடுத்துப்போங்கள். பின் இருக்கையில் வார் இருக்கிறதா என்று காரைப் பேசும்போதே கேளுங்கள். பல கார்களில் வார் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

பெட்டிக்கு வருவோம். இருபது கிலோ என்றால் காலிப் பெட்டியே நாலு கிலோ சாப்பிட்டுவிடும். கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட் என்று தேக்காக் கடைகளில் வாங்குவதற்குப் பெட்டிக்கு ஆறு கிலோவுக்கு மேல் ஒதுக்காதீர்கள். கொக்கியில் தொங்கவிடும் சிறு தராசு ஒன்று கையில் இருக்கட்டும். திரும்பும் பெட்டியைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே எடை போட்டுப் பாருங்கள். கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டி வாங்குவது விமான நிலையத்தில் கட்டுவதைவிட மலிவு. ஊறுகாய்ப் போத்தலின் மூடிக்கடியில் பிளாஸ்டிக் தாளை வைத்துத் திருகி, சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பைக்குள் போட்டு, துணிக்கு நடுவே படுக்காமல் நிற்கும்படி வையுங்கள். கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் தீப்பற்றும் பொருட்கள் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

உங்கள் மசாலாப் பொட்டலம் போனதற்குக் காரணம் கசகசாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊரில் சமையல் சாமான், சிங்கப்பூரிலோ போதைப்பொருள் தொடர்பால் தடைசெய்யப்பட்டது. தனியாக மட்டுமல்ல, குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் கொண்டுவராதீர்கள். பொடி அரைக்கக் கொடுக்கும்போதே "கசகசா சேர்க்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். மட்டன் ஊறுகாய், உப்புக்கண்டம் போன்ற இறைச்சிப் பொருட்களும் வேண்டாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து திரும்பினால், வாங்கி வரும் புதுப் பொருட்களில் ஆளுக்கு 500 வெள்ளிவரை பொருள் சேவை வரி கிடையாது. அதற்கு மேலுள்ளதற்கு 9 விழுக்காடு. பட்டும் நகையும் இந்தக் கணக்கில் வரும். இங்கிருந்து போட்டுப்போகும் நகைகளைப் படம் எடுத்து, ரசீதையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் சிக்குவது பெரும்பாலும் பெயர்தான். கடப்பிதழில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) இருந்தால் பயணச்சீட்டில் நடுவிலுள்ள சாய்கோடு விழாது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மகனுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்து கடப்பிதழ் புதுப்பித்திருந்தால், புதியதை ஓசிஐ இணையத்தளத்தில் பதிவேற்ற வேண்டும். அத்தைக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள், படியேற முடியுமா முடியாதா என்பதையும் சொல்லுங்கள். பயணக் காப்புறுதியில் ஏற்கனவே உள்ள நீரிழிவுக்கு இடமுண்டா என்று பாருங்கள், சாதாரணத் திட்டங்களில் பெரும்பாலும் இராது.

விடியற்கால விமானம் என்றால் முதல் நாள் மாலையே திருச்சிக்கு வந்து தங்குங்கள். கும்பகோணத்திலிருந்து கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர், மழை இரவில் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. அன்று மாலை நால்வருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்பிவிடலாம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவும் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்துடையது அல்ல.

வீடு திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மருந்தகத்தில் முதலிலேயே "தமிழ்நாடு போய் வந்தோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். டெங்கியும் டைஃபாய்டும் அந்த இடைவெளியில்தான் தலைகாட்டும். மருத்துவரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.