கர்ப்ப காலத்தில் ஈறில் இரத்தம் கசிந்தால்?

கேள்வி: எனக்கு இது ஐந்தாவது மாதம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. கடைவாய்ப் பல்லிலும் வலி. பிரசவம் முடியும்வரை பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்கிறார் மாமியார். பொறுத்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் போன்ற ஹார்மோன்கள் அதிகரிப்பதால், பல்லோரம் படியும் சிறிதளவு அழுக்குக்கும் ஈறுகள் சிவந்து வீங்கி இரத்தம் கசிகின்றன. இரத்தத்துக்குப் பயந்து பல் துலக்குவதைக் குறைத்தால் வீக்கம் கூடவே செய்யும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் இரண்டு முறை துலக்குங்கள். வாந்தி எடுத்தவுடன் மட்டும் துலக்காதீர்கள். வயிற்று அமிலம் பல்லின் மேலடுக்கான எனாமலை இளக்கியிருக்கும் என்பதால், ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

சொத்தையை அடைக்கவோ வேர் சிகிச்சை செய்யவோ நான்கு முதல் ஆறாவது மாதம் வரை வசதியான காலம். கடும் வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடக் கூடாது. வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியும், தேவைப்பட்டால் உரிய பாதுகாப்புடன் எடுக்கப்படும் பல் எக்ஸ்ரேயும் பாதுகாப்பானவையே. ஆனால், கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து குழந்தையின் பற்களில் நிரந்தரக் கறையை உண்டாக்கும் என்பதால், கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் உண்மையான ஆபத்து.