பிரேம் போட்ட பழைய படங்கள்: கேட்டதும் சொன்னதும்

அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்களைப் பராமரிப்பது என் வேலை. கண்காட்சியில் படம் மாட்டுவதைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பள்ளி நூற்றாண்டு விழாவுக்கு 1920-களின் கருப்பு வெள்ளைப் படங்களை மூன்று மாதம் வைக்கிறோம். விளக்கு எவ்வளவு?

படத்தின் மேல் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). முதலில் இருட்டாகத்தான் தெரியும். சுற்றிலும் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் கண் பழகிவிடும். ஒளி செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், குறையாது. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், 100 நாள் என்றால் 40,000 லக்ஸ் மணி. உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அது நேராக விழுந்தால் அந்த 100 நாள் கணக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் முதலில் ஜன்னலுக்குத் திரை, அப்புறம் விளக்கு.

யூவி (புற ஊதாக் கதிர்) தடுக்கும் கண்ணாடி போட்டால் வெயிலில் வைக்கலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் படத்தை வெளுக்க வைக்கும்.

தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் பசையாகிவிடும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் உங்கள் கையிலுமாக வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, அப்படியே நிபுணரிடம் கொடுங்கள்.

மற்ற படங்களுக்கு இந்தக் கதி வராமலிருக்க, ஜன்னல் போல வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டையை இடையில் வையுங்கள். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் வேண்டாம். வழிந்து கீழ் விளிம்பு வழியாக உள்ளே போய்விடும். வீட்டுப் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தாலும் இதே கதைதான். பொட்டைச் சட்டத்தின் மேல் வையுங்களேன், தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பின்பக்கம் பிளைவுட் போதுமா?

பிளைவுட், செய்தித்தாள், செலோடேப் மூன்றும் வேண்டாம். அவற்றிலிருந்து வரும் அமிலமும் பசையும் படத்தைப் பழுப்பாக்கும். படத்தை ஒட்டவும் வேண்டாம். நான்கு முனைகளையும் அமிலமற்ற காகித மூலைகளில் செருகினால் போதும். சட்டத்தின் பின்னால் சிறு கார்க் துண்டுகள் வைத்தால் சுவருக்கு நடுவே காற்று போகும். மழையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். அங்கே பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் சேரும்.

ஏசியைப் பகலில் மட்டும் போடலாமா?

வேண்டாம். தினமும் ஈரப்பதம் ஏறி இறங்கினால் படம் சுருண்டு விரியும், பூச்சு வெடிக்கும். மின்விசிறியோடு சீராக இருக்கும் அறை அதைவிட மேல்.

பார்வையாளர்களின் பிளாஷ்?

பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. நாள் முழுக்க எரியும் ஸ்பாட் லைட்டைக் கவனியுங்கள்.

நிர்வாகம் அசல் படத்தைத்தான் வைக்கச் சொல்கிறது.

1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்தவை போன்ற 19-ஆம் நூற்றாண்டுப் படங்களை நிரந்தரமாக மாட்டி வைப்பது சரியல்ல. சில மாதம் காட்டிவிட்டு இருட்டுப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே பிரதி என்றால் நல்ல நகலை மாட்டி, அடியில் ‘நகல்’ என்று எழுதிவிடுங்கள். அசலைத் திறப்பு விழா அன்று மட்டும் காட்டலாம் என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.