கணக்கில் மார்க் குறைந்ததால் படிப்பையே மாற்ற வேண்டுமா?

"மகளுக்குக் கணக்கு வரவில்லை, கணக்கே இல்லாத படிப்பாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம். அதற்கு முன் அவளுடைய விடைத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மொத்த மார்க்கை விடுங்கள், எந்த வரியில் தடுமாறினாள் என்பதுதான் முக்கியம்.

x² − x − 12 என்பதைக் காரணிப்படுத்தும் கணக்கில், அதாவது இரண்டு கோவைகளின் பெருக்கலாகப் பிரித்து எழுதும் கணக்கில், பெருக்கினால் −12, கூட்டினால் −1 வரும் இரண்டு எண்கள் வேண்டும். −4, 3 என்பதற்குப் பதில் 4, −3 என்று எழுதியிருந்தால் அவளுக்கு முறை தெரியும், குறியில்தான் சறுக்கல். காரணிகளைத் திரும்பப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தாலே போதும். 5, 9, 13 என்ற கூட்டுத்தொடரில் 20ஆவது உறுப்பை 85 என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். 4ஐ 19 தடவை கூட்ட வேண்டிய இடத்தில் 20 தடவை கூட்டிவிட்டாள், சரியான விடை 81. இவையெல்லாம் கவனப் பிசகு.

நிகழ்தகவு அப்படியல்ல. இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 8 வர வாய்ப்பு என்ன? கூடுதல் 2 முதல் 12 வரை 11 விதமாக வரலாம், ஆகவே 1/11 என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது! ஆனால் 2 வர ஒரே வழி, இரண்டிலும் 1 விழ வேண்டும். 8 வர 2-6, 3-5, 4-4, 5-3, 6-2 என்று ஐந்து வழிகள். மொத்தம் 36, எனவே 5/36. இங்கே தவறினால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, 36 ஜோடிகளையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 7 வருவதற்கு ஏன் வாய்ப்பு அதிகம் என்று கேளுங்கள், அவளே சொல்வாள்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் செலவிடச் சொல்கிறேன் என்றால், கணக்குக்குப் பயந்து போய்ச் சேரும் உளவியல், சமூகவியல், பொருளாதாரத்தில்கூட நிகழ்தகவு புள்ளியியலாக வந்து நிற்கும். காரணிப்படுத்துதல் பெரும்பாலும் பொறியியல், இயற்பியல் பக்கம் போகிறவர்களுக்குத்தான் விடாமல் வேண்டியிருக்கும். வணிகவியலில் கூட்டு வட்டியும் கடன் தவணையும் பெருக்குத்தொடர் கணக்குகளே, அதாவது ஒவ்வொரு உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்ததைப் பெறும் தொடர்கள். ஆக, முழுக்கத் தப்பிப்பது என் கணிப்பில் சிரமம்.

இன்னொன்று. அவளுக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடுத்த கேள்வியை அவளையே கேட்கச் சொல்லுங்கள்.