கமிட் செய்தாயிற்று, சர்வரில் ஏன் தெரியவில்லை?

(நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கும் கருவியான கிட் பற்றி வந்த கேள்விகளில் சில. அதில் செய்யும் ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

கேள்வி: மூன்று நாளாக ஒவ்வொரு மாலையும் தவறாமல் கமிட் செய்தேன். எங்கள் டீம் லீடர், "உங்களிடமிருந்து ஒன்றுமே வரவில்லையே" என்கிறார். கமிட் செய்தாலே போய்விடாதா?

பதில்: போகாது. நீங்கள் செய்த கமிட் எல்லாம் உங்கள் கணினியில், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் '.கிட்' ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன. சப்வெர்ஷன் மாதிரியான பழைய கருவிகளில் கமிட் என்றாலே அது நேராக சர்வருக்குப் போகும், நெட் இல்லையென்றால் கமிட்டும் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக கிட்டை எழுதியபோது, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்க வேண்டும் என்றுதான் அதை அமைத்தார். அதனால் பதிவு செய்வது ஒரு வேலை, அனுப்புவது வேறு வேலை. அனுப்புவதற்குத்தான் 'கிட் புஷ்'.

'கிட் ஸ்டேட்டஸ்' அடித்துப் பாருங்கள். நீங்கள் ஆரிஜின்/மெயினைவிட (சர்வரிலுள்ள முதன்மைக் கிளையான 'மெயின்', உங்கள் கணினி கடைசியாகப் பார்த்தபடி) இத்தனை கமிட் முன்னால் இருக்கிறீர்கள் என்று சொல்லும். எவை என்று பார்க்க 'கிட் லாக் ஆரிஜின்/மெயின்..மெயின்', நடுவில் இரண்டு புள்ளி. அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள், பாதி வேலையில் போட்ட கமிட்டோ தவறிச் சேர்ந்த ஃபைலோ அங்கேயே கண்ணில் படும். இன்னொன்று, மூன்று நாள் வேலை ஒரே கணினியில் மட்டும் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. மெயினில் சேர்க்கத் தயாராகவில்லை என்றால் உங்களுக்கென ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை) போட்டு அதையாவது தினமும் புஷ் செய்யுங்கள்.

கேள்வி: புது பிராஞ்சை புஷ் செய்தால் 'அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச் இல்லை' என்று நின்றுவிடுகிறது.

பதில்: சர்வரில் அந்தப் பெயரில் பிராஞ்ச் இன்னும் இல்லை, எங்கே அனுப்புவது என்று கேட்கிறது, அவ்வளவுதான். முதல் தடவை மட்டும் 'கிட் புஷ் -யு ஆரிஜின்' என்று அடித்துப் பிராஞ்ச் பெயரைச் சேருங்கள், அப்புறம் வெறும் 'கிட் புஷ்' போதும். கிட் 2.37-லிருந்து 'புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று வைத்துவிட்டால் இதுவும் வேண்டாம்.

கேள்வி: புஷ் செய்தால் 'ரிஜெக்டட், ஃபெட்ச் ஃபர்ஸ்ட்' என்று வருகிறது. '--ஃபோர்ஸ்' போட்டால் போய்விடும் என்கிறான் நண்பன். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வந்த கேள்விகளில் பெரிய சேதம் நடக்கக்கூடிய இடம் இதுதான்.

சர்வரில் 'மெயின்' என்பது ஒரு கமிட்டைச் சுட்டிக்காட்டும் பெயர். புஷ் செய்யும்போது கிட் அங்கே இல்லாத கமிட்களை அனுப்பிவிட்டு, அந்தப் பெயரை உங்கள் கடைசி கமிட்டுக்கு நகர்த்தச் சொல்கிறது. கிட் இதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கும்: இப்போது அது சுட்டும் கமிட், உங்கள் கமிட்டின் முன்னோர் வரிசையில் இருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் வேறொருவர் தன் கமிட்டை அனுப்பிவிட்டார் என்றால் அது உங்கள் வரிசையில் இருக்காது, பெயரை நகர்த்தினால் அவருடைய கமிட் எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் தொங்கும். அதனால்தான் மறுக்கிறது. '--ஃபோர்ஸ்' அந்த நிபந்தனையையே தூக்கிவிடுகிறது.

இதை நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மறுப்பு, இதே ஆலோசனை, நானும் அடித்தேன். சக ஊழியர் ஒருவர் அன்று காலை அனுப்பியிருந்த நான்கு கமிட்கள் மெயினிலிருந்து காணாமல் போயின. அவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். அவர் கணினியில் அவை அப்படியே இருந்ததால் மறுநாள் வந்து திரும்ப அனுப்பினார், அதுவரை எனக்குத் தூக்கமில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் 'கிட் ஃபெட்ச்'. இது உங்கள் ஃபைல் எதையும் தொடாது, சர்வரில் இருப்பதைக் கொண்டுவந்து ஆரிஜின்/மெயின் என்ற பெயரில் வைக்கும். 'கிட் லாக் மெயின்..ஆரிஜின்/மெயின்' அடித்தால் மற்றவர் என்ன செய்திருக்கிறார் என்று படிக்கலாம். அப்புறம் 'கிட் புல் --ரீபேஸ்'. இது உங்கள் கமிட்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவருடையதைக் கீழே போட்டு, உங்களுடையதை ஒவ்வொன்றாக அதன்மேல் திரும்ப அடுக்கும். கமிட் செய்யாத திருத்தம் ஏதாவது கிடந்தால் கிளம்பவே மறுக்கும், முதலில் அதைக் கமிட் செய்யுங்கள் அல்லது 'கிட் ஸ்டாஷ்' போட்டு ஒதுக்குங்கள்.

இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் கான்ஃப்ளிக்ட் வரும். ஃபைலைத் திறந்தால் ஏழு '<' குறிகள், நடுவில் ஏழு '=' குறிகள், முடிவில் ஏழு '>' குறிகள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: ரீபேஸின்போது மேல் பகுதியில் இருப்பது சர்வரிலிருந்து வந்தது, கீழே இருப்பதுதான் உங்களுடையது. சாதாரண மெர்ஜில் (ரீபேஸ் இல்லாமல் இருவர் வேலையையும் இணைப்பதில்) இது தலைகீழ். மேலே இருப்பது நம்முடையதுதானே என்று நம்பி அடுத்ததை அழித்தால் சொந்த வேலையை அழித்துவிடுவீர்கள். இரண்டையும் படித்து, எது வேண்டுமோ அதை வைத்து, குறிகளை நீக்கி, 'கிட் ஆட்', 'கிட் ரீபேஸ் --கன்டினியூ'. குழம்பிவிட்டால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்', தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். முடிந்ததும் நிரலை ஓட்டிச் சோதித்துவிட்டு புஷ் செய்யுங்கள், இப்போது போகும்.

ஃபோர்ஸ் எப்போதுமே கூடாதா என்றால், அப்படி இல்லை. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் பிராஞ்சில், ஏற்கெனவே அனுப்பிய கமிட்டைத் திருத்தியோ ரீபேஸ் செய்தோ இருந்தால் வேறு வழி இல்லை. அப்போதும் '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால் மட்டும் எழுதும், இடையில் வேறு யாராவது அனுப்பியிருந்தால் மறுக்கும். ஆனால் சில எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும், அப்படியென்றால் நீங்கள் பார்க்காததையும் பார்த்ததாகவே கிட் எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்த ஃபைலை புஷ் செய்துவிட்டேன். உடனே அழித்து இன்னொரு கமிட்டும் அனுப்பிவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது, ரெப்போவை (ப்ராஜெக்ட்டும் அதன் முழு வரலாறும் இருக்கும் இடம்) பார்க்க முடிந்த யாரும் எடுத்துப் படிக்கலாம். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றிலிருந்து நீக்க 'கிட் ஃபில்ட்டர்-ரெப்போ' என்ற கருவி இருக்கிறது, ஆனால் அதற்குள் யாராவது க்ளோன் செய்திருந்தால் அவர்கள் பிரதியில் உங்கள் கை எட்டாது. '.கிட்இக்னோர்' ஃபைலில் அந்தப் பெயரைச் சேர்த்தும் வைக்கலாம், ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை அது தடுக்காது, இனிமேல் புதிதாகச் சேராமல் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: 120 எம்பி வீடியோ ஒன்றைத் தவறிச் சேர்த்துவிட்டேன், கிட்ஹப் (எங்கள் ரெப்போ இருக்கும் இணையதளம்) மறுக்கிறது. வீடியோவை அழித்து மறுபடி கமிட் செய்தும் அதே பதில்தான்.

பதில்: கிட்ஹப்பில் ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டக்கூடாது. நீங்கள் அழித்தது கடைசிக் கமிட்டில்தான், முந்தைய கமிட்டில் வீடியோ இருக்கிறது, புஷ் இரண்டையும் சேர்த்தே அனுப்பும். ஆனால் உங்கள் நிலைமை முந்தைய வாசகருடையது போல இல்லை. இவை இன்னும் வெளியே போகவில்லை, உங்கள் கையில்தான் இருக்கின்றன, தாராளமாக மாற்றலாம். மெயினில்தான் வேலை செய்கிறீர்கள் என்றால் 'கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்' அடியுங்கள். அனுப்பாத கமிட்கள் கலைந்துவிடும், ஆனால் அவற்றில் செய்த திருத்தங்கள் அத்தனையும் அப்படியே நிற்கும். 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்து வீடியோ பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புதிதாக ஒரு கமிட் போட்டு அனுப்புங்கள்.