மாமரம் இன்னும் அசையவில்லை, தண்ணீர் விடலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 8 வயது ஒட்டு மாமரம் ஒன்று, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, தொட்டிகளில் நாலைந்து ரோஜா வைத்திருக்கிறேன். குளிர் குறைந்து, பகலில் வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது. ரோஜாவில் சிவப்பாகத் துளிர் தெரிகிறது. மாமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. தண்ணீரும் உரமும் கொடுத்துத் தூண்டிவிடலாமா? வசந்தம் வந்துவிட்டதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: மாமரத்துக்கு இப்போது தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். சும்மா நிற்பது போலத் தெரிகிற இந்த நேரத்தில்தான், அடுத்து வருவது பூவா இலையா என்பது மொட்டுக்குள் முடிவாகிறது. குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் அதைப் பூவின் பக்கம் தள்ளும். தண்ணீரும் தழைச்சத்தும் இலையின் பக்கம் இழுக்கும். இப்போது உரத்தைக் கொட்டிப் பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினால் மரம் செம்புநிறக் கொழுந்தாகத் தள்ளிவிடக்கூடும். பார்க்க அழகுதான், காய் இருக்காது.

ரோஜா முந்திக்கொண்டதே என்று கேட்பீர்கள். ரோஜா வெதுவெதுப்புக்கு உடனே துளிர்க்கிற செடி. மாவோ இதுவரை கடந்துபோன குளிரையும் வறட்சியையும் கணக்கில் வைத்து நடக்கிற மரம். ஒன்றின் அறிகுறியை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு செடியிடமும் தனித்தனியாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.

மாவிடம் கேட்பது எப்படி? கிளை நுனியில் ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்குங்கள். துவண்டு மடங்கினால் அந்தக் கிளை இன்னும் முற்றவில்லை. மொறமொறவென்று உடைந்தால் முற்றிவிட்டது, பூக்கத் தயார். அப்புறம் நுனி மொட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். ஒல்லியாகவும் கூராகவும் இருந்தால் பெரும்பாலும் இலைதான். அடி பருத்து, உருண்டு, செதில்கள் லேசாக விலகி, இடுக்கில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் பூங்கொத்து வரப்போகிறது. ஒரு கிளையோடு நிறுத்தாமல் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் கொழுந்துமாக வருவது மாவுக்கு வழக்கம். போன வருடம் கிளை ஒடியக் காய்த்த மரம் என்றால், இந்த வருடம் பல கிளைகள் ஓய்வெடுக்கக்கூடும். அதற்காக மரத்தைக் குறை சொல்ல முடியாது.

பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு தண்ணீரைத் தொடங்குங்கள். அதுவரை கத்தரிக்கோலையும் எடுக்க வேண்டாம். பூ வருவது கிளை நுனியில்தான், நுனியை வெட்டினால் பூவையே வெட்டியதாகிவிடும்.

பூங்கொத்து விரல் நீளம் வந்ததும் தினமும் ஒரு பார்வை வேண்டும். பட்டை இடுக்குகளில் ஒளிந்திருந்த தத்துப்பூச்சிகள் அப்போதுதான் வெளியே வரும். கொத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆப்பு வடிவில் சிறு பூச்சிகள் தத்திப் பறந்தால், கீழே உள்ள இலைகளைத் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அவை சாறு உறிஞ்சத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். விட்டால் அதன்மேல் கரும்படலம் படியும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கலாம். பூ விரிவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். விரிந்த பிறகு ஈக்களும் தேனீக்களும் வந்து போக வேண்டும், அவை வராவிட்டால் காய்பிடிப்பே குறைந்துவிடும். கொத்தில் வெள்ளைத் தூள் பூத்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் கொளுத்தும் வெயிலில் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடவும் வேண்டாம், இலை கருகும்.

ரோஜாவில் வேலை இப்போதே இருக்கிறது. செத்தது போல் தெரியும் குச்சியை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவைக்கலாம், பழுப்பு என்றால் வெட்டலாம். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக வெட்டுங்கள். துளிர் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்த பிறகு உரம் கொடுங்கள். தொட்டி மண்ணை முதலில் நனைத்துவிட்டுத்தான் போட வேண்டும். எறும்பு தண்டில் ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். துளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி உங்கள் கண்ணில் படும் முன்பே எறும்பு கண்டுபிடித்துவிடும். தொடக்கத்தில் மருந்தே தேவையில்லை, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும்.

எலுமிச்சையில் கொழுந்தும் பூவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சில வாரம் காய்ந்து, இலைப் பளபளப்பு லேசாகக் குறைந்த நேரத்தில் ஒரு நல்ல தண்ணீர் கொடுத்தால் மரம் விழித்துக்கொள்ளும். இலை சுருண்டு வாடும் வரை போட்டுவிடாதீர்கள். கொழுந்து வந்த பிறகு அதிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். நகர்ந்தால் அது பட்டாம்பூச்சிப் புழு. இரண்டு மரத்துக்கும் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும்.

வசந்தம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் முதல் பூ, முதல் இலை, முதல் பறவைக் குரல் என்று 1736-இல் தொடங்கிக் குறித்து வந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ரோஜாக் கணு எப்போது சிவந்தது, மா மொட்டு எப்போது பருத்தது, முதல் தத்துப்பூச்சியை எப்போது பார்த்தீர்கள் என்று மூன்று நான்கு வரி போதும். இரண்டு வருடக் குறிப்பு சேர்ந்தால் பூச்சிக்கு எப்போது தயாராக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வெயிலைப் பார்த்து வெண்டை, பூசணி விதைக்கும் ஆசை வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். காற்று சூடான வேகத்தில் மண் சூடாகாது. விடிகாலையில் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் விதை முளைக்காமல் அழுகும். அந்தச் சில்லிப்பு போனதும் விதையுங்கள்.