சைனாடவுனின் அகலத்திரை: 'ஃபிளவர் டிரம் சாங்' பற்றி ஒரு கேள்வி பதில்

(1961-இல் ஹென்றி கோஸ்டர் இயக்கி யூனிவர்சல் வெளியிட்ட இசைப்படம்; டிவிடியாக வந்தது 2006-இல். வட்டு பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் கேட்டவை இவை.)

அக்கா, கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மே லீ தன் தந்தையுடன் கப்பலில் ஒளிந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறாள். இரவு விடுதி நடத்தும் சாமி ஃபாங்குக்கு அவளைப் பேசி முடித்திருக்கிறார்கள். அவனுக்கோ தன் விடுதியில் ஆடும் லிண்டா லோ மீது ஆசை. அதனால் மே லீயை வாங் குடும்பத்து மூத்த மகனின் தலையில் கட்டப் பார்க்கிறான். அந்தப் பையனும் லிண்டாவின் பின்னால்தான் சுற்றுகிறான். மீதியைப் படத்தில் பாருங்கள். ஒரு வேண்டுகோள்: இது அகலத்திரைப் படம் என்பதால் திரையின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் போக்குவதற்காகப் படத்தை இழுக்கவோ வெட்டவோ செய்யாதீர்கள்.

சீனர்களின் கதையில் ஜப்பானியர்கள் ஏன் நடிக்கிறார்கள்?

பலர் கேட்டதால் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். மே லீயாக நடித்த மியோஷி உமெகி ஜப்பானில் பிறந்தவர். மூத்த மகனாக வரும் ஜேம்ஸ் ஷிகேடா ஹவாயில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். சாமியாக வரும் ஜாக் சூவின் இயற்பெயர் கோரோ சுஸுகி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் இருந்தவர். வாங் குடும்பத்து உறவுக்காரி மேடம் லியாங்காக வரும் ஹுவானிட்டா ஹால் கறுப்பினப் பெண். லிண்டாவாக ஆடிய நான்சி க்வான் ஹாங்காங்கில் பிறந்தவர். தந்தை சீனர், தாய் ஆங்கிலேயர்.

இது குறைதான். ஆனால் 1937-இல் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியாக பால் முனியும் அவன் மனைவியாக லூயிஸ் ரெய்னரும் நடித்தார்கள். ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்த சீன நடிகை அன்னா மே வாங்குக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. அதே அன்னா மே வாங்தான் இந்தப் படத்தில் மேடம் லியாங்காக நடிக்க இருந்தவர். 1961 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

வாய்ப்பு கிடைத்தது என்பதற்காக எல்லா ஆசிய முகங்களும் ஒன்றே என்று காட்டுவதை ஏற்றுக்கொள்வதா? நீங்கள் சப்பைக்கட்டு கட்டுகிறீர்கள்.

இல்லை. ஹுவானிட்டா ஹாலுக்கு அந்த வேடத்தைக் கொடுத்தது தவறு என்றே சொல்வேன், அவர் எவ்வளவு அருமையாகப் பாடினாலும். ஆனால் ஜாக் சூவையும் அதே தராசில் வைக்க மாட்டேன். ஆசிய நடிகர்களுக்கு வேலைக்காரன், உளவாளி, சமையல்காரன் வேடங்களையே கொடுத்துவந்த ஹாலிவுட்டில், இங்கே அவர்கள் காதலிக்கிறார்கள், கோபப்படுகிறார்கள், அப்பாவை எதிர்த்துப் பேசுகிறார்கள். பட்டைக்காகப் படத்தை வெட்டாதீர்கள் என்று நான் மன்றாடுவதும் இதனால்தான். விருந்துக் காட்சியில் 'சாப் ஸூயி' பாட்டு வரும்போது நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். ஓரம் வரை ஆசிய முகங்கள். வெட்டினால் முதலில் போவது அவர்கள்தான்.

மே லீ அடக்கமே உருவானவள், லிண்டா ஆட்டக்காரி. இரண்டும் பழைய அச்சுதானே?

ஆமாம், உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன். 2002-இல் நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங், இந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்தின் வசனம் முழுவதையும் மாற்றி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனர்களாக ஏன் ஜப்பானியர்கள்...

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

முடிவில் மே லீ "என் முதுகு ஈரம்" என்கிறாள். புரியவில்லை.

நல்ல கேள்வி. ஆற்றை நீந்திக் கடந்து, அனுமதியின்றி அமெரிக்காவுக்குள் வந்த மெக்சிகோக்காரர்களை 'ஈர முதுகு' என்று இழிவாகச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் அதைக் கேட்ட மே லீ, தானும் திருட்டுத்தனமாக வந்தவள், ஆகவே திருமண ஒப்பந்தம் செல்லாது என்கிறாள். திரையில் எல்லாரும் மகிழ்கிறார்கள்.

வெளியே நிலைமை வேறு. சீனர் வருகையைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 1943-இல்தான் நீங்கியது. அதன் பிறகும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். தடைக் காலத்தில் பலர் வேறொருவரின் பிள்ளை என்று காகிதத்தில் காட்டி நுழைந்திருந்தார்கள். 1956 முதல் அரசு அவர்களை "உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்" என்று அழைத்தது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அந்தக் காகிதக் குடும்பம் முழுவதும் மாட்டிக்கொள்ளும். படம் வந்தபோதும் அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. மே லீ அவ்வளவு எளிதாகச் சொன்ன வாக்கியத்தை, சைனாடவுனில் எத்தனையோ பேர் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

பினாங்கிலிருந்து கேட்கிறேன், அக்கா. மே லீயின் "இந்த இடம் எனக்குப் பிடித்துவிடும்" பாட்டில் வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவே?

உங்கள் ஊர் மலாய்க் கவிதையான பாந்துன் வடிவம் அது! ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் வரிகளாக வரும். நம் அந்தாதிக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு வந்தவள் ஒரு அடி முன்னே வைத்து, பழைய அடியை ஒருமுறை தொட்டுப் பார்த்து, மறுபடி நடக்கிறாள். பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இது.

நான்சி க்வான் சொந்தக் குரலில்தான் பாடினாரா?

இல்லை, அவருக்காகப் பாடியவர் பி. ஜே. பேக்கர். தையல்காரி ஹெலனாக வரும் ரெய்கோ சாட்டோவுக்குக் குரல் கொடுத்தவர், பிறகு ஓபரா உலகில் பெரும் புகழ் பெற்ற மேரிலின் ஹார்ன்.

படத்துக்கு அடிப்படையான சி. ஒய். லீயின் நாவலும் இதே கதைதானா?

இல்லை. 1957-இல் வந்த நாவலில் கதை அப்பா வாங்கைச் சுற்றியே நடக்கிறது; அவருடைய இருமலுக்கே தனி இடம் உண்டு. தையல்காரி ஹெலனின் முடிவும் அங்கே மிகத் துயரமானது. படத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் டிவிடி வாங்கி வருகிறார். இங்கே ஓடுமா?

டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக மண்டலம் பிரித்து விற்பார்கள். அமெரிக்க வட்டு மண்டலம் 1. இந்தியாவுக்கு உரியது மண்டலம் 5. மண்டலம் 1-ஐயோ எல்லா மண்டலங்களையுமோ ஏற்கும் கருவி இருந்தால் மட்டுமே ஓடும்.

கறுப்புப் பட்டையை எப்படி நீக்குவது?

நீக்காதீர்கள்.