பதில்: சப் மீன் தட்டுகிறது, முள்ளில் மாட்டவில்லை

ரொட்டியை இரையாக வைத்துச் சப் (ஐரோப்பிய ஆற்று மீன்) பிடிக்கும்போது, மீன் தட்டுகிறது, ஆனால் தூண்டில் முள்ளில் மாட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோல் நுனி துடித்ததுமே வெட்டாதீர்கள், அதாவது கோலைச் சுண்டி இழுக்காதீர்கள். நுனி வளைந்து அப்படியே இழுபட்டுப் போகும்போது வெட்டுங்கள். சின்னத் துடிப்பெல்லாம் பெரும்பாலும் சப் ரொட்டியை உதட்டால் சோதிப்பதுதான், அல்லது டேஸ் என்னும் சிறு மீனின் குஞ்சுகள்.

அப்படியும் மாட்டாவிட்டால் ரொட்டியைப் பிசையும் விதத்தைப் பாருங்கள். 6ஆம் எண் முள்ளின் தண்டில் மட்டும் அழுத்துங்கள். கூர் வெளியே தெரியவேண்டும். பலர் கூரையும் சேர்த்து உருட்டி மூடிவிடுகிறார்கள். கரையோரம் போட்டுப் பாருங்கள்: மெதுவாக அமிழவேண்டும், கல்லாய் விழுந்தால் அதிகம் பிசைந்துவிட்டீர்கள்.

நரம்பில் கட்டும் ஈய எடையையும் குறையுங்கள். ஓடையின் அடியில் நிற்கும் அளவு போதும். ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே 30 செ.மீ. தூண்டில் நரம்பு இருந்தால் 50 ஆக்குங்கள். அதற்கு மேல் நீட்டினால் தொண்டைவரை விழுங்கிவிடும்.

ஒரு மீன் கிடைத்ததும் அடுத்த மடுவுக்கு நகருங்கள். மிரண்ட சப் சீக்கிரம் திரும்பாது. இங்கிலாந்து ஓடைகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீனுக்குத் தூண்டில் போடக்கூடாது.